பஸ் ஏறிப் போன ஓடுகள்

என் வீட்டுக்காரர் விழுப்புரம்–திண்டிவனம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். நிற்க இடமில்லாத பஸ்ஸிலும் நாலு பேரை நகர்த்தி ஒருத்தரை உட்கார வைத்துவிடுவார். எங்களுக்கென்று ஒரு வீட்டில் உட்கார மட்டும் அவரால் இடம் பிடிக்க முடியவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அறுபதுகளின் தொடக்கம் அது. விழுப்புரத்தில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மண்டிகளுக்குப் பின்னால் ஒரே வரிசையில் நாலு கூரை வீடுகள். நாலுக்கும் சொந்தக்காரி, திண்டிவனத்தில் அண்ணன் வீட்டோடு இருந்த ஒரு அம்மா. கணவர் போன பிறகு அந்த வாடகைதான் அவருக்குச் சோறு. மாதம் பிறந்ததும் என் வீட்டுக்காரரின் பஸ்ஸிலேயே வந்து இறங்கி, நாலு வாசலிலும் வாடகை வாங்கிக்கொண்டு, அதே பஸ்ஸில் திரும்பிப் போவார். கடைசி வீட்டில் நாங்கள் குடியிருந்தோம்.

ஒருநாள் அந்த அம்மா என் கையால் மோர் வாங்கிக் குடித்துவிட்டு, "எனக்குப் புள்ளையா குட்டியா? என்னிக்காவது இந்த வூட்ட வித்தா உங்களுக்குத்தாம்மா குடுப்பேன்" என்றார். எழுத்து இல்லை, முன்பணம் இல்லை, அந்த வாய்வார்த்தை ஒன்றுதான். என் வீட்டுக்காரர் அன்று சாயங்காலமே வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார். சுவரில் ஆணி அடித்தால் கூட என்னைத் திட்டுவார்.

வருஷா வருஷம் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் என் தாய்வீட்டிலிருந்து கரும்புச் சோகை வரவழைத்துக் கூரை வேய்வோம். ஐப்பசியில் அது ஒழுகாமல் இருந்ததில்லை. "நம்ம வூட்டுக்கு நாமதான செய்யணும்" என்று சொல்லிச் சொல்லியே என் அட்டிகையைக் கழற்ற வைத்தார். அதை விற்றுச் சீமை ஓடு வாங்கினோம். வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டதற்கு, "செஞ்சுக்குங்க, நான் வேணாங்கல" என்றார். மூன்று கூரைகளுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு மட்டும் சிவப்பாக நின்றது. குழாயடிக்குப் போகும்போதெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். எனக்கும் கொஞ்சம் திமிர் இருந்தது.

அந்த வருஷம்தான் முனிசிபாலிட்டியில் வீட்டு வரியை மாற்றினார்கள். அதுவரை பழைய வரியே ஓடிக்கொண்டிருந்தது. இனிமேல் ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் என்ன வருமோ அதை வைத்துத்தான் வரி என்றார்கள். வாடகை வீடு வைத்திருந்தவர்கள் எல்லாரும் பயந்துபோனார்கள். குடியிருப்பவர்களிடம், 'நாங்கள் உறவுக்காரர்கள், வாடகை இல்லாமல் சும்மா இருக்கிறோம்' என்று சொல்லிவிடும்படி கேட்டுக்கொள்வதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். கணக்கெடுக்க வந்த அந்த வாரம் எங்கள் தெருவில் வாடகைக்கு இருப்பவர் ஒருத்தரும் இல்லை. எல்லாரும் எல்லாருக்கும் சித்தப்பா, மாமன், மச்சான். வீட்டுக்கார அம்மாவும் அப்படியே என் வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்பினார். அவர் அதை மூன்று வீட்டிலும் சொன்னார். நாலாவது வீட்டுக்கு அவருடைய புத்தி வேறு மாதிரி வேலை செய்தது.

அவருடைய ஊர் கண்டமங்கலம் பக்கம். தீர்வை ரசீது யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் நிலம் என்று கேட்டு வளர்ந்தவர். வீட்டுக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்.

வரிக்காரர் வந்தது மத்தியானம். இவர் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். கை கழுவிக்கொண்டு ஓடிப்போய், "வாங்க சார், உள்ள வந்து பாருங்க. ஓடு நாங்க போட்டது. அப்படியே எம் பேர்ல எழுதிக்குங்க" என்றார்.

"பேரு அப்புறம் பாக்கலாம். வாடகைக்கு வுட்டா இந்த வூடு எவ்ளோ போவும்?"

"என்னா சார் இப்படிக் கேட்டுட்டீங்க? இந்த மாதிரி வூடு கெடைக்குமா? நா நீன்னு போட்டி போட்டுக்கினு வருவாங்க" என்று, நாங்கள் கொடுப்பதைப் போல இரண்டு மடங்கைச் சொன்னார். நான் கதவுக்குப் பின்னாலிருந்து சைகை காட்டினேன். விற்கப்போகிற மாட்டைப் புகழ்கிறவரைப் போல அவர் பேசிக்கொண்டே போனார்.

எங்கள் வீட்டை அளவாக வைத்து வரிசை முழுக்க மதிப்புப் போட்டுவிட்டார்கள். நோட்டீசை எடுத்துக்கொண்டு வீட்டுக்கார அம்மா வந்தபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மனு கொடுத்துப் பார்த்தார், ஒன்றும் குறையவில்லை. வாடகையை ஏற்றினால் குடியிருப்பவர்களால் தாங்க முடியாது, ஏற்றாவிட்டால் அந்த அம்மாவால் தாங்க முடியாது. இவ்வளவுக்கும் என் வீட்டுக்காரர் என்னிடம் வந்து ரகசியமாக, "வரி ஏறிச்சுன்னா எல்லாரும் வூட்ட விப்பாங்க. வெல கொறையும். நமக்குத்தான நல்லது" என்றார். அவரை அடிக்கலாம் போலிருந்தது.

விற்றார்கள்தான். தெருவில் பாதிப் பேர் விற்றார்கள். வாங்கியது எங்களைப் போன்றவர்கள் இல்லை. கையில் ரொக்கம் வைத்திருந்த மண்டிக்காரர்கள் குடோனுக்கென்று வாங்கினார்கள். குடியிருந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு மிச்சமிருந்த வீடுகளுக்கு அலைய, அங்கே வாடகை ஏறியது. எங்கள் வரிசையை ஒரு மல்லாட்டை வியாபாரி கேட்டார். நாலும் சேர்ந்தால்தான் எடுப்பேன் என்றார்.

என் வீட்டுக்காரர் பஸ்ஸிலேயே அந்த அம்மாவிடம் கெஞ்சினார்.

"நீங்க சொன்ன சொல்லுமா அது."

"சொன்னேன்பா, இல்லேங்கல. உங்களுக்கு ஒண்ண குடுத்துட்டா அவரு மத்த மூணையும் எடுக்க மாட்டாரு. அதுங்களுக்கு வரி கட்ட நான் எங்க போவேன்? மூணுக்கும் ஆள் கூட்டினு வாங்க, நாளைக்கே எழுதிக் குடுக்கறேன்."

மூன்று பேருக்கு அவர் எங்கே போவார்? டிக்கெட் கிழிக்கும்போதெல்லாம், "விழுப்புரத்துல வூடு வேணுமா?" என்று கேட்டிருக்கிறார். சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்கள். வியாபாரி அச்சாரம் கொடுத்த அன்று என் வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. அந்த அம்மாவைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. விற்ற பணத்தை அவருடைய அண்ணன் வாங்கி வைத்துக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

"உங்க ஓடுங்களயாவது எடுத்துக்குங்க" என்றார் அந்த அம்மா. என் வீட்டுக்காரரே கூரை மேல் ஏறி ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுக்க, நான் கீழே நின்று வாங்கினேன். திண்டிவனத்தில் ஒரு கூரை வீடு வாடகைக்குப் பார்த்திருந்தோம். டிரைவரைக் கெஞ்சிக் கூத்தாடி, நடைக்குக் கொஞ்சமாகப் பஸ் மேல் ஏற்றி, வைக்கோல் வைத்துக் கட்டி அனுப்பினோம். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, மயிலம் தாண்டும் வரை பஸ் குலுங்கும்போதெல்லாம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி நடை ஓடு இறங்கும்போது திண்டிவனத்து வீட்டின் சொந்தக்காரர் வந்தார். நல்ல மனிதர், மரியாதையாகத்தான் சொன்னார்.

"ஓடு கீடு போட்றாதீங்கம்மா. இங்கயும் வரி ஏத்தப் போறாங்களாம். கூரையாவே இருக்கட்டும்."

என் வீட்டுக்காரர் ஓடுகளைக் கொல்லைச் சுவரோரம் அடுக்கினார்.

அந்த ஐப்பசியில் ஒரு மத்தியானம் பெருமழை. அடுப்படியிலும் நடுவீட்டிலும் ஒழுகியது. அண்டா, குண்டான், சோற்றுப்பானை எல்லாம் வைத்தும் போதவில்லை. குழந்தையை எந்தப் பக்கம் படுக்க வைப்பது என்று தெரியாமல் மடியில் போட்டுக்கொண்டு பின்வாசலில் உட்கார்ந்திருந்தேன். எதிரே எங்கள் ஓடுகள், மழையெல்லாம் வாங்கி வழியவிட்டுக்கொண்டு நின்றன. அடுக்கின் அடியில் மண் மட்டும் காய்ந்து கிடந்தது.