விழுப்புரத்துப் பருப்பு

விழுப்புரம் ரயில்வே குடியிருப்பில் இருபது வருஷம் இருந்த இருதயமேரி, கணவர் இறந்த பிறகு திண்டிவனத்துக்கு வந்தாள், அம்மா விட்டுப்போன ஓட்டு வீட்டுக்கு. அது எண்பத்தைந்தாம் வருஷம். ஆறு மாதம் அந்தத் தெருவில் ஒருவரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. குழாயடியில் குடத்தை வைப்பாள், நிரம்பும், தூக்கிக்கொண்டு வருவாள். இப்படியே இருந்தால் பேச்சே மறந்துவிடுமோ என்று பயந்துபோனாள்.

சனிக்கிழமைதோறும் விழுப்புரம் போய்க் கணவரின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, வீட்டுக்கு வேண்டியதையும் வாங்கி வருவாள். ஒருநாள் அப்படி வரும்போது எதிர்வீட்டு அம்சவள்ளி பையை எட்டிப் பார்த்து, துவரம்பருப்பு என்ன விலை என்று கேட்டாள். நம் ஊரில் பையோடு வருகிறவரிடம் இதைக் கேட்காமல் விட்டால்தான் மரியாதைக் குறைவு. வாங்கிய விலை கிலோ ஒன்பது ரூபாய். அதைச் சொன்னால், நல்லா ஏமாந்துட்டீங்க என்று போய்விடுவாளோ என்று பதறி, எட்டு என்று சொல்லிவிட்டாள்.

அவ்வளவுதான், குழாயடி மொத்தமும் அவளைச் சூழ்ந்துகொண்டது. எந்தக் கடை, எங்களுக்கும் வாங்கி வரக்கூடாதா என்றார்கள். தெரிந்த கடைக்காரர், எனக்கு மட்டும்தான் அந்த விலை என்று இன்னொரு பொய்யையும் சேர்த்துக்கொண்டாள். வாராவாரம் நாலு வீட்டுப் பருப்பைச் சுமந்தாள். கிலோவுக்கு ஒரு ரூபாய் பென்ஷனிலிருந்து போனது. சனிக்கிழமை சாயங்காலம் நாலு பெண்களும் அவள் வீட்டில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவார்கள், இவள் காபி போட்டுக் கொடுப்பாள். அதற்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும் என்று நினைத்தாள், பாவி மனுஷி.

பருப்பு பதினொன்றுக்கு ஏறியது. நம் பெண்களோ வீட்டுச் சாவியை வைத்த இடத்தை மறந்தாலும் வாங்கிய விலையை மறக்க மாட்டார்கள். எட்டிலேயே நின்றார்கள். இருதயமேரி ராத்திரிச் சாப்பாட்டை விட்டுப் பார்த்தாள், அப்படியும் கட்டுப்படியாகவில்லை. கடைசியில் அம்சவள்ளியைத் தனியாகப் பார்த்து, உண்மையைச் சொல்லி அழுதாள்.

அம்சவள்ளிக்கு முகம்கூட மாறவில்லை.

"தெரியும்க்கா. எங்க வூட்டுக்காரரு லோடு ஏத்திக்கினு வாராவாரம் விழுப்புரம் போறாரு. மொத வாரமே எல்லாருக்கும் வெல தெரியும். நீங்களா கொறைச்சுக் குடுத்தீங்க, வாங்கிக்கினோம்" என்றாள்.

அவள் பேச்சில் கள்ளமும் இல்லை, வெட்கமும் இல்லை. பின்னால் இந்தக் கதையைக் கேட்ட எனக்கே கோபம் வந்தது. இருதயமேரிக்கு வரவில்லை. இனி யாரும் வராத சனிக்கிழமைகள்தான் அவள் கண்முன் நின்றன. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வர்ற சனிக்கிழமை ஒனக்கு எத்தினி கிலோ வேணும், அம்சா?" என்று கேட்டாள்.