படிக்கட்டடிச் சேறு

தன்னைப் போல ஒரு சோம்பேறிக்குச் சம்பளம் கொடுத்து வளர்த்ததுதான் இந்த ஆற்றுக்கு வந்த முதல் மாசு என்று அவரே சொல்வார்.

மாசுப் பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு மாதிரி எடுக்கும் வேலை. ஆறு கடலில் சேரும் சதுப்பில், எப்போதோ மூடிப்போன ஒரு தொழிற்சாலை கொட்டிய பாதரசம் இன்னும் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். வருஷத்துக்கு இரண்டு தடவை இரும்புக் குழாயைச் சேற்றில் இறக்கி, உள்ளே ஏறியதை டப்பாவில் அடைத்து, இடத்தின் எண்ணை எழுதி ஒட்ட வேண்டும். அவ்வளவுதான். ஐந்தாம் எண் மட்டும் சதுப்பின் நட்டநடுவில் இருந்தது.

சேர்ந்த முதல் வருஷம் பெரிய வீரராட்டம் அங்கே இறங்கினார். மூன்றாவது எட்டில் இடுப்பு வரை போய்விட்டது. "ஐயோ, யாராவது வாங்களேன்!" என்று போட்ட சத்தத்துக்குக் கொக்குகள் பறந்தனவே தவிர, மனுஷர் வர அரை மணி ஆனது. மீன்பிடிக்க வந்த இரண்டு பேர் கயிறு போட்டு இழுத்தார்கள். ஆள் வந்தார், பூட்ஸ் வரவில்லை. அடுத்த தடவையிலிருந்து படகுத்துறையின் கடைசிப் படியில் நின்றபடியே ஒரு குழாய் எடுத்து, டப்பாவில் கூசாமல் 'ஐந்து' என்று எழுதினார். அதே ஆறு, அதே தண்ணி, பெரிசா என்ன மாறிடப்போகுது! பத்தொன்பது வருஷம் இப்படியே ஓடியது. முடிவும் நல்ல பிள்ளையாக 'பாதிப்பு இல்லை' என்றே வந்தது.

அதை வைத்து அவர் அடித்த பந்தா இருக்கிறதே! அவருடைய தங்கை அதே சதுப்பில் சிப்பி அள்ளிப் பிழைப்பவள். "அதச் சாப்பிடலாமா?" என்று யாராவது இழுத்தால் இவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார். "நான் பாத்த சேறு. கண்ண மூடிக்கிட்டுச் சாப்பிடுங்க." தங்கை மகள் ஏழாம் மாசம் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். அவளிடமும் அதையே சொல்லி, "வயித்துப் பிள்ளைக்கு ரொம்ப நல்லதும்மா" என்று டாக்டர் வேலையையும் சேர்த்துப் பார்த்தார்.

போன மாசம் கூடத்துக்குப் புதிதாக ஒரு வேதியியல்காரப் பெண் வந்தாள். ஐந்தாம் டப்பாவைத் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து விரல்களில் தேய்த்தாள்.

"சார், இது மணலால்ல இருக்கு? பாதரசம் மணல்ல அவ்வளவா நிக்காது. நைசான சேத்துலதான் வருஷக்கணக்கா ஒட்டிக்கிட்டுக் கிடக்கும். இத எங்க எடுத்தீங்க?"

பொய் சொல்ல அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளம், நீரோட்டம் என்று நாலு காரணம் நாக்கு நுனியிலேயே இருந்தன. அந்த நேரம் பார்த்துத் தங்கை மகளின் சாப்பாட்டுத் தட்டு ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

"படிக்கட்டுக்குக் கீழ," என்றார்.

"எத்தனை வருஷமா?"

"பூட்ஸ் போனதிலேர்ந்து."

அவள் சிரிக்கவில்லை. மறுநாள் அவரையே கூட்டிக்கொண்டு நடுச்சதுப்புக்குப் போனாள். இரண்டு பலகையைப் போட்டு, அதன்மேல் மண்டியிட்டுக் குழாயை இறக்கினாள். கால் மணியில் வேலை முடிந்தது. பலகை என்று ஒரு சாமான் உலகத்தில் இருப்பது நம் மேதைக்கு இத்தனை வருஷமாகத் தோன்றவே இல்லை.

முடிவு வந்தது. பாதரசம் இவ்வளவுதான் இருக்கலாம் என்று அரசாங்கம் வைத்த அளவைப் போலப் பதினொரு மடங்கு. அவர்மேல் என்ன நடவடிக்கை வரும் என்று ஆபீஸே குசுகுசுத்தது. அவர் நேரே தங்கை வீட்டுக்குப் போனார்.

சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தார். இடுப்பு வரை போனதைச் சொன்னார், கொக்கு பறந்ததைச் சொன்னார். சாப்பிட்டுக்கொண்டிருந்த தங்கை மகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. பிறகு படிக்கட்டைச் சொன்னார். பதினொரு மடங்கைச் சொன்னார்.

தங்கை அடுப்பை அணைத்தாள்.

"என்னக் கூப்பிட்டிருக்கலாமேண்ணா. தினம் அந்த நடுச்சேத்துலதான நிக்கறேன். ஒரு டப்பா அள்ளிக் குடுத்திருக்க மாட்டேனா?"

அவருக்கு வெட்கத்தில் உடம்பே கூசிப்போனது. தன்னைத் தானே கிண்டல் செய்ய ஒரு வார்த்தை தேடினார், அகப்படவில்லை. தங்கை மகள் தட்டைத் தள்ளிவைத்து, வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"இதுவரைக்கும் சாப்பிட்டது, மாமா? பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதில்ல?"

இரண்டு பேரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"தெரியலம்மா," என்றார். அந்த வீட்டில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.