மந்திரக்கோலுக்கு நாலு விரல் கீழே

போன வருடம் சித்திரைப் புத்தாண்டு லீவில், கொழும்புப் பக்கம் இருக்கிற ஒரு பெரிய கேளிக்கைப் பூங்காவில் நடந்தது இது. பூங்காவின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அவர்களுக்கு இலவச விளம்பரம், எனக்கு வயிற்றெரிச்சல்.

நான் ஹட்டனில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். என் அக்கா டிக்கோயாப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். அவளுக்கு ஒரே மகள், பதினோரு வயது. அந்தப் பிள்ளை ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் பாஸாகி, டவுனில் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கியிருந்தாள். அவர்கள் இருக்கிற லயத்து வரிசை வீடுகளில் அந்த வருடம் பாஸானது அவள் ஒருத்திதான். பரீட்சைக்கு முன்னால், பாஸானால் கேட்டதை வாங்கித் தருகிறேன் என்று நான் வாயை விட்டிருந்தேன். சைக்கிள் கேட்பாள், கைக்கடிகாரம் கேட்பாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் டிராகன் கேட்டாள்.

அந்தப் பூங்காவுக்குள்ளே 'மாய ராஜ்ஜியம்' என்று தனியாக ஒரு பகுதி இருக்கிறது. கோட்டை, இறக்கை வைத்த தேவதைகள், பேசுகிற மரம், எல்லாவற்றுக்கும் மேலே கோட்டையைச் சுற்றிப் பறக்கிற ஒரு பச்சை டிராகன். அதன் முதுகில் ஆட்களை உட்கார வைத்துச் சுற்றுவார்கள். யாரோ ஃபோனில் காட்டிய வீடியோவைப் பார்த்துவிட்டு இவள் அதிலேயே கிடந்தாள். கொப்பியின் பின்பக்கம் முழுக்க டிராகன் படம். லயத்துப் பிள்ளைகளிடமெல்லாம், போய் வந்து எப்படி இருந்தது என்று சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தாள். புதுப் பள்ளிக்கூடத்திலும் சொல்லி வைத்திருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

போகிறவர்களுக்குப் பிரயோசனமாக இருக்கட்டும், சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். கினிகத்தேனைப் பக்கத்து வளைவுகளில் பாதிப் பேருக்கு வாந்தி வரும், எலுமிச்சங்காய் ஒன்று கையில் இருக்கட்டும். இங்கே மலைக் குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரைத் திணிக்கப் பையில் இடம் விடுங்கள், கீழே இறங்கினால் வெயில் மண்டையைப் பிளக்கும். ரொட்டியும் கட்டாச் சம்பலும் கட்டிக்கொண்டு போகவே போகாதீர்கள். வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டோம் என்று வாசலில் மறித்துவிடுவார்கள். அக்கா மூன்று மணிக்கு எழுந்து சுட்ட ரொட்டியை, நாங்கள் மூவரும் வாகனம் நிறுத்துகிற இடத்தில் நின்றபடியே விழுங்கினோம். உள்ளே அவர்கள் விற்கிற பன்னின் விலையைப் பார்த்தபோதுதான் அந்தச் சட்டத்தின் அர்த்தம் புரிந்தது.

டிக்கெட் கொடுக்கிற இடத்தில் பிள்ளைக்கு வயது என்ன என்று கேட்டார்கள். அக்கா அதற்காகவே காத்திருந்தவள் போல, பதினொன்று, ஸ்கொலர்ஷிப் பாஸ் என்று சேர்த்துச் சொன்னாள். பத்துக்கு மேல் என்றால் பெரியவர் டிக்கெட்தான் என்றார்கள். சரி, சட்டம் என்றால் சட்டம். வாங்கினோம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொய் சொல்லக் கூடாது, மாய ராஜ்ஜியம் அழகாகத்தான் இருந்தது. சோப்புக் குமிழிகள் எங்கிருந்தோ வந்துகொண்டே இருந்தன. அக்கா வெட்கத்தை மறந்து ஒரு தேவதையின் இறக்கையைத் தொட்டுப் பார்த்தாள். பேசுகிற மரத்திடம் எங்கள் பிள்ளை தமிழில் ஏதோ கேட்டாள். மரம் சிங்களத்தில் சிரித்தது, ஆங்கிலத்தில் வரவேற்றது, தமிழுக்கு மட்டும் பதில் இல்லை. அவள் விடவில்லை, அதே கேள்வியைச் சிங்களத்தில் கேட்டுப் பதில் வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தாள். அப்படிப்பட்ட பிள்ளை அது.

டிராகனுக்கு வரிசை நீளமாக இருந்தது. நிழல் இல்லை. குடை கொண்டுபோங்கள், அதையாவது உள்ளே விடுகிறார்கள். ஒவ்வொரு தடவை டிராகன் தலைக்கு மேலே போகும்போதும் இவள் என் கையை நெரித்தாள். வரிசை முடிகிற இடத்தில் மரப்பலகையில் வெட்டிய தேவதை ஒன்று நின்றது. அது ஒரு மந்திரக்கோலை நீட்டிக்கொண்டிருந்தது. தலை அந்தக் கோலைத் தொட்டால்தான் மேலே ஏறலாம். அதன் பக்கத்தில், நட்சத்திரம் ஒட்டிய கூம்புத் தொப்பியும் கறுப்பு அங்கியும் போட்டு, மந்திரவாதி வேடத்தில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார்.

எங்கள் பிள்ளை போய் நிமிர்ந்து நின்றாள். தலைக்கும் கோலுக்கும் நடுவில் இடைவெளி இருந்தது. மந்திரவாதி குனிந்துகூடப் பார்க்கவில்லை. முயல் வண்டி அந்தப் பக்கம், சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் விளக்கினேன். சின்னப் பிள்ளை இல்லை, பதினோரு வயது, பெரியவர் டிக்கெட் இதோ என்று காட்டினேன். அவர் பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். பதினொன்றா, ஏழு எட்டு இருக்கும் என்று நினைத்தேன் என்று சொல்லிச் சிரித்தார். வரிசையிலும் சிரித்தார்கள். பிள்ளைக்குச் சிங்களம் தெரியும் என்று முன்னமே சொன்னேனே.

எங்களுக்கு அடுத்து நின்ற குடும்பத்துச் சிறுமி வந்து பலகையில் நின்றாள். கோல் அவள் தலையில் இடித்தது. எத்தனையாம் வகுப்பு என்று அக்கா மெதுவாக அவளிடம் கேட்டாள். மூன்று என்று அந்தப் பிள்ளை விரலைக் காட்டிவிட்டு உள்ளே ஓடியது.

அங்கேதான் அக்கா மாறினாள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவள் எப்படி என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். நாளெல்லாம் பறித்ததைக் கொண்டுபோய்க் கொட்டினால், தண்ணீருக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு, முற்றின இலைக்கு இவ்வளவு என்று கழித்துத்தான் எழுதுவார்கள். மற்றப் பெண்கள் முணுமுணுத்துக்கொண்டு போவார்கள். அக்கா மட்டும் தராசுக்கு முன்னால் நின்று, இன்னொரு தடவை நிறுக்கச் சொல்லுவாள். சில நாள் அவள் பறித்ததில் கொஞ்சம் திரும்பிக் கிடைக்கும். சில நாள் வசவுதான் கிடைக்கும். ஆனாலும் கேட்காமல் நகர மாட்டாள். அதே பெண் இப்போது மந்திரவாதிக்கு முன்னால் போய் நின்றாள்.

"இன்னொருக்கா அளங்க. எங்க கொழுந்ததான் குறைச்சு நிறுக்கிறாங்க, புள்ளையுமா?"

அவர் விளங்காமல் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன், என் கோபத்தையும் சேர்த்து. உங்கள் பலகை பிழை, கோலை ஏற்றி மாட்டியிருக்கிறீர்கள், மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள் என்று கத்தினேன். ஒரு மேடம் வந்தார். தையல்காரியின் கைப்பையில் அளவு நாடா இல்லாமல் இருக்காது. நான் அதை எடுத்து விரித்தேன். இப்போது மாட்டிக்கொண்டீர்கள் என்ற நினைப்பு எனக்கு. வரிசையில் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

முதலில் பலகையை அளந்தேன். கீழே எழுதியிருந்த உயரமும் நாடாவும் அச்சாகப் பொருந்தின. பிறகு பிள்ளையை அளந்தேன். செருப்பைப் போடச் சொல்லியும் அளந்தேன். நாலு விரல் குறைந்தது.

பலகை பிழையில்லை. பலகை மட்டும் பிழையாக இருந்திருந்தால், அன்றைக்கு அந்தப் பூங்காவையே ரெண்டு பண்ணியிருப்பேன், வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். நாடாவைச் சுருட்டிக்கொண்டு நின்றபோது எனக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. பாதுகாப்புக்காகத்தான், இருக்கையின் கம்பி உடம்போடு பிடிக்காவிட்டால் பிள்ளை நழுவிவிடும் என்று அந்த மேடம் பொறுமையாகச் சொன்னார். அதுவும் உண்மைதான். உண்மை என்பதால் ஆத்திரம் கூடியதே தவிர அடங்கவில்லை.

வரிசையை விட்டு வெளியே வந்து ஒரு காளான் பெஞ்சில் உட்கார்ந்தோம். சிமெந்தில் செய்து சிவப்புச் சாயம் அடித்த காளான். அக்காவின் முகத்தைப் பிள்ளை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சாதாரணமாகச் சொல்வது போலச் சொன்னாள்.

"நல்லவேளைம்மா. கிட்ட வந்து பார்த்தா எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. ஏறியிருந்தா கத்தியிருப்பேன்."

அந்தப் பிள்ளைக்குப் பயமா? ஃபெக்டரிக்குக் கொழுந்து போகிற கம்பியில் தொங்கிப் பார்த்து அடி வாங்கியவள் அவள். தன் தாய்க்காகப் பொய் சொன்னாள். பதினோரு வயதில் அந்தப் பொய்யை அவ்வளவு சுத்தமாகச் சொல்லத் தெரிந்திருந்தது. எனக்கு அங்கே உட்கார முடியவில்லை.

எழுந்து நேராக அவர்களுடைய அலுவலகத்துக்குப் போனேன். வாசலில் வயதைப் பார்த்துப் பெரியவள் என்றீர்கள், உள்ளே உயரத்தைப் பார்த்துச் சின்னவள் என்றீர்கள், ஏதாவது ஒன்றில் நில்லுங்கள் என்றேன். டிக்கெட் கொடுக்கும்போதே உயரத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் பிள்ளையை வரிசையில் நிறுத்திச் சிரிக்க வைத்திருக்க வேண்டாமே என்றேன். உங்கள் மந்திரவாதி வேலை செய்கிற இடத்தில் பிள்ளையைப் பார்த்து ஏன் இளித்தார் என்றும் கேட்டேன். எல்லாவற்றுக்கும் 'நிபந்தனைகள் பலகையில் இருக்கிறது மிஸ்' என்பதுதான் பதில். கடைசியில், மன்னிக்க வேண்டும் என்று சொல்லி ஒரு காகிதக் கிரீடத்தைக் கொடுத்தார்கள். அதை அந்த மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

நான் திரும்பியபோது பிள்ளை தூரத்தில் குமிழிகளைத் துரத்திக்கொண்டிருந்தாள். மூன்றாம் வகுப்புச் சிறுமியும் டிராகனிலிருந்து இறங்கி அவளோடு சேர்ந்திருந்தாள். அவளுடைய காதளவுக்குத்தான் எங்கள் பிள்ளையின் தலை இருந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேசிய குரலில் கோபம் இல்லை, அதுதான் என்னைக் கொன்றது.

"வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு எட்டாம் மாசம் வரைக்கும் மலையேறினேன். பொறந்தப்பவே எடை குறைவுன்னாங்க. கிளினிக்ல மிஸ்ஸு ஒவ்வொரு தடவையும், முட்ட குடுங்க, பால் குடுங்க, மீன் குடுங்கன்னு சொல்லும். நானும் சரி மிஸ் சரி மிஸ்னு தலைய ஆட்டிட்டு வருவேன். தண்ணிக்குன்னும் சாக்குக்குன்னும் நாளும் கழிச்சாங்களே, அது எங்க போச்சுன்னு இன்னைக்கித்தான் கண்ணால பார்த்தேன்."

அக்கா தன் வாயைக் கட்டி, பிள்ளைக்குத்தான் முதலில் போட்டாள். சொந்தப் பிள்ளையின் தட்டில் குறை வைக்கிறவள் இல்லை. தட்டுக்கு வருமுன்னமே குறைத்துவிடுகிறார்களே, அதற்கு அவள் என்ன செய்வாள்? மூன்று வேளையும் ரொட்டி, சம்பல், பால் இல்லாத சாயத் தேநீர். இந்த நாட்டின் தேநீரை உலகமெல்லாம் பால் ஊற்றிக் குடிக்கிறது. அதைப் பறிக்கிறவளின் பிள்ளைக்குப் பால் கொடு என்று அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆலோசனை சொல்ல இந்த மலைக்கு எத்தனையோ பேர் ஏறி வந்தாயிற்று. ஒருவராவது ஒரு முட்டையைக் கொண்டுவந்து வைத்ததை நான் பார்த்ததில்லை.

முயல் வண்டியில் அவள் ஏறவில்லை. கோட்டைக்குள்ளே போனோம், கண்ணாடி அறையில் சிரித்தோம், ஃபோட்டோ எடுத்தோம். பஸ்ஸில் அவள் என் மடியில் படுத்துத் தூங்கினாள். இவ்வளவு பெரிய பிள்ளை ஒரு சீட்டுக்குள்ளே முழுசாக அடங்கிவிட்டாளே என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. லயத்தில் பிள்ளைகள் ஓடிவந்து டிராகன் எப்படி என்று கேட்டபோது, கூட்டம் அதிகம், நேரம் போதவில்லை என்று சமாளித்தாள். அதையும் சுத்தமாகச் சொன்னாள்.

நீங்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதென்றால் போங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் போகுமுன் வீட்டிலேயே உயரத்தை அளந்து பாருங்கள். குறைந்தால், எத்தனை விரல் குறைகிறது என்று பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நாலு பேர் சிரிக்கும்போது தெரிய வேண்டாம். எது எதில் ஏறலாம் என்று ஃபோன் பண்ணிக் கேளுங்கள். பதில் சொல்லாவிட்டால் சொல்லும்வரை கேளுங்கள். குறைகிறது என்பதற்காகத் தாயைக் குற்றம் சொல்லாதீர்கள். அவள் ஏற்கெனவே தன்னைச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சீருடை தைப்பதுதான் என் கடையில் பாதி வேலை. ஜனவரியில் தாய்மார் பிள்ளைகளோடு வந்து நிற்பார்கள். அளவு எடுத்துப் பார்த்து, போன வருடத்து அளவே போதும், துணி மிச்சம் என்று நான் சொல்லுவேன், அவர்களும் சந்தோஷப்படுவார்கள். இந்த ஜனவரியிலும் அப்படி ஒரு பிள்ளை வந்து நின்றாள். நாடாவை இன்னொரு தடவை பிடித்துப் பார்த்தேன், போன வருடத்து அளவேதான். வளருகிற பிள்ளைக்குப் பழைய சட்டை அப்படியே பொருந்துவதைப் போல என்னைக் கோபப்படுத்துகிற காரியம் இந்த உலகத்தில் இப்போது வேறொன்றும் இல்லை.