விளக்கு மீன் மார்க்

காளீஸ்வரி வாக்கப்பட்ட வீட்டில் ஒரு குறையும் கிடையாது. எட்டயபுரத்திலிருந்து பஸ் ஏறி வரும்போதெல்லாம் அவளுடைய அம்மா இதைச் சொல்லாமல் போனதில்லை. கோவில்பட்டியில் மாடி வீடு, சொந்தமாகத் தீப்பெட்டி ஆபீஸ், குடிக்காத புருஷன், குத்திப் பேசாத மாமியார். எல்லாம் உண்மைதான். குறை என்று சொல்ல ஒன்றுமே இல்லாத வீட்டில் மாட்டிக்கொண்டவள் யாரிடம் போய் என்னவென்று முறையிடுவாள்? கோயிலுக்குப் போனால் மாமியார் கூட வருவார். ஜவுளிக்கடைக்கு நாத்தனார் ராமலட்சுமி. டாக்டரிடம் போகப் புருஷன் லிங்கராஜ். தனியாகப் போகிறேன் என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தாள். "தனியா எதுக்குப் போவணும், நாங்கள்லாம் இல்லையா?" என்று மாமியார் கேட்டார். அதட்டிக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவர் பாசமாகக் கேட்டார்.

அவள் விலங்கியல் படித்தவள். தூத்துக்குடியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்த மூன்று வருஷத்தில், மற்றப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிய ஆய்வகத்தில் இவள் மட்டும் குடுவை குடுவையாகப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கடல் அட்டை, முள்ளு முள்ளாய் உருண்டு கிடக்கும் மூரை, கண்ணும் வாயும் எங்கே இருக்கிறதென்றே தெரியாத ஜந்துக்கள். யாரும் அழகென்று சொல்லாத எதைப் பார்த்தாலும் அவளுக்குப் பிடித்துப்போகும். எல்லாவற்றுக்கும் மேலே அவள் மனசைப் பறித்தது, வெயிலே எட்டாத ஆழத்தில் தன் தலையில் தானே ஒரு விளக்கை வைத்துக்கொண்டு திரியும் மீன். வியாழனைச் சுற்றும் ஒரு நிலாவில் பனிக்கட்டிக்கு அடியில் கடல் இருக்கலாம் என்று எதிலோ படித்தாள். அன்றிலிருந்து ஆகாயமும் கடலும் அவளுக்கு ஒன்றாகிவிட்டன. அங்கேயும் ஒரு மீன் விளக்கோடு திரியுமோ என்று யோசித்துக்கொண்டே பருப்பை அடிப்பிடிக்க விட்ட நாட்கள் உண்டு.

2005இல் வீட்டு முன்னறைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கணக்குப் பார்க்க, பழைய லேபிள்களை ஸ்கேன் பண்ணி வைக்க என்று மாமனார் சண்முகராஜ் வாங்கிப் போட்டது. மத்தியானம் ஆண்கள் ஆபீஸில் இருப்பார்கள். மாமியாரும் ராமலட்சுமியும் படுத்துவிடுவார்கள். அந்த நேரம் அவளுடையது. தமிழில் தட்டப் பழகி, இணையத்தில் சொந்தமாக ஒரு பக்கம் தொடங்கி எழுதலானாள். லிங்கராஜ் நல்லவன், வேண்டாம் என்று சொல்லவில்லை. "எழுது. ஆனா பேரு, ஊரு, போட்டோ மூணும் வரக்கூடாது. தெரிஞ்சவிய கண்ணுல பட்டா பெறகு பதில் சொல்லி முடியாது" என்றான். அதனால் 'கரிசல்மீன்' என்று பெயர் வைத்துக்கொண்டாள். கரிசல் காட்டில் மீன் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

கேட்டார்கள். ஆட்கள் வந்து வாசித்தார்கள். சிங்கப்பூர், மஸ்கட், மதுரை என்று எங்கெங்கிருந்தோ. டொரண்டோவில் வேலை பார்த்த கல்யாணசுந்தரி என்ற அக்கா ஒரு பதிவு விடாமல் வாசித்து, "மீனம்மா, இன்னைக்கு எந்தப் பிராணி?" என்று கேட்பார். எழுத்தைவிட அவர்களுக்குப் படம்தான் பிடித்தது. அச்சில் வீணான லேபிள் தாள்கள் வீட்டில் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. அதன் வெள்ளைப் பக்கத்தில் போஸ்டர் கலரில் வரைந்து, ஸ்கேன் பண்ணிப் போடுவாள். வேறு எங்கிருந்தும் எடுத்துப் போட மாட்டாள். 'எல்லாம் என் கையால் வரைந்தவை' என்று பக்கத்தின் உச்சியில் எழுதி வைத்திருந்தாள். அந்த வீட்டில் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு வேறு என்ன இருந்தது? அவள் போட்டதிலேயே பேர் வாங்கியது விளக்கு மீன் படம். கருநீலத் தண்ணீருக்குள் மீன் அண்ணாந்து பார்க்கிறது. மேலே பனிக்கட்டிக்கு அப்பால் பட்டை பட்டையாக வியாழன். மீனின் விளக்கு மட்டும் மஞ்சளாக எரிகிறது. மூலையில் பொடி எழுத்தில் 'கரிசல்மீன்'.

ஸ்கேன் பண்ணிய படங்களெல்லாம் கம்ப்யூட்டரில் லேபிள்களோடு ஒரே இடத்தில்தான் கிடந்தன. வடக்கே நாக்பூர்ப் பக்கம் அனுப்பப் புது மார்க் ஒன்று வேண்டுமென்று மாமனார் தேடிக்கொண்டிருந்தபோது இந்த மீன் அவர் கண்ணில் பட்டது. யார் வரைந்தது என்று மகனிடம் கேட்டார். தெரிந்ததும் பூரித்துப் போனார். மருமகளுக்குத் தெரியாமலேயே சிவகாசிக்குக் கொடுத்து அடித்து, முதல் பண்டலைப் பூஜை அறையில் வைத்து அவளைக் கூப்பிட்டார்.

"மேல ஒரு பந்து போட்டிருக்கியே, அது என்னம்மா?"

"வியாழன், மாமா."

"குரு பகவானா? அப்ப ராசியான மார்க்குதான்" என்றார் அவர்.

மறைப்பானேன், அன்றைக்கு அவளுக்கும் சந்தோஷம்தான். தன் மீன் லட்சக்கணக்கான பெட்டிகளில் ஏறி ஊர் ஊராகப் போகப்போகிறது. மூலையில் அவள் பெயர் இருந்த இடத்தில் '1971 முதல்' என்று அச்சடித்திருந்ததை அப்புறம்தான் கவனித்தாள். அது ஆபீஸ் தொடங்கிய வருஷம். புது மார்க்கானாலும் பழைய மார்க்கானாலும் சண்முகராஜ் தன் லேபிள் எல்லாவற்றிலும் அதைப் போட்டுவிடுவார். இந்தத் தொழிலில் நேற்று வந்தவனில்லை என்று வியாபாரிக்குத் தெரிய வேண்டுமாம். அவர் சொல்வதில் பொய்யும் இல்லை.

அந்த 1971தான் கடைசியில் அவள் தலையில் விழுந்தது. சிட்னியில் தீப்பெட்டி லேபிள் சேகரிக்கும் தமிழர் ஒருவருக்குச் சொந்தக்காரர் யாரோ நாக்பூரிலிருந்து இந்தப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அவர் அதைப் படம் பிடித்து, கரிசல்மீனின் படத்தையும் பக்கத்தில் வைத்து, தமிழ்ப் பதிவுகளைத் திரட்டிக் காட்டும் தளத்தில் போட்டுவிட்டார். '1971ஆம் ஆண்டு லேபிளைத் திருடி, என் கையால் வரைந்தது என்று ஏமாற்றும் கரிசல்மீன்' என்று தலைப்பு. மத்தியானம் கம்ப்யூட்டரைத் திறந்தவள் அதைக் கடைசிவரை வாசித்தாள். அவளைப் பாராட்டியவர்களே அங்கே வந்து காறித் துப்பாத குறையாக எழுதியிருந்தார்கள். மற்றப் படங்களை எந்தெந்தப் பெட்டியிலிருந்து சுட்டாளோ என்று ஒருத்தர் கேட்டிருந்தார்.

'அது படத்தின் வருஷம் இல்லை, கம்பெனியின் வருஷம்' என்று அவள் எழுதினாள்.

'அது உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று உடனே கேள்வி வந்தது.

எப்படிச் சொல்வாள்? அது என் வீட்டு ஆபீஸ் என்று ஒரு வரி எழுதினால் போதும், எல்லாம் தீர்ந்தது. அந்த ஒரு வரிதான் அவள் எழுதக்கூடாத வரி. மூலப் படத்தைக் காட்டலாமென்றால், அதன் பின்பக்கம் முழுக்க ஆபீஸ் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. முன்பக்கத்தை மட்டும் காட்டினால் பார்த்து வரைந்ததுதானே என்பார்கள். இரண்டு நாளில் சரியான விளக்கம் தராவிட்டால் பக்கத்தை நீக்கிவிடுவோம் என்று தளத்துக்காரர்களும் எழுதிவிட்டார்கள். ஆட்கள் வருவதே அந்தத் தளம் வழியாகத்தான், நீக்கிவிட்டால் அவளைத் தேடி ஒருத்தரும் வர வழியில்லை.

லிங்கராஜிடம் அழுதே கேட்டாள். "ஒரே ஒரு தடவை யாருன்னு சொல்லிக்கிடுதேங்க. என்னைத் திருடிங்காவ."

"யாருன்னே தெரியாதவிய சொல்லுததுக்கு எதுக்குட்டி அழுவுத?" என்றான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பாட்ட ஒரு வார்த்தை கேளு" என்றான்.

மாமனார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கோபப்படவே இல்லை. "ஏம்மா, படம் நம்மது. நீ வேற நாங்க வேறயா? ராமலட்சுமியப் பாக்க விருதுநகர்லருந்து இப்பதான் வந்துட்டுப் போயிருக்காவ. இந்த வீட்டு மருமவ முகந்தெரியாத ஆம்பளையளோட கம்ப்யூட்டர்ல பேசுதான்னு அவிய காதுல விழுந்தா அந்தப் பிள்ளை வாழ்க்கை என்னாவும்? நீயே சொல்லு."

ராமலட்சுமி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது.

"மார்க்கு நல்லாப் போவுது. அதே மாதிரி இன்னொண்ணு வரைஞ்சு குடு, என்ன?" என்று மாமனார் எழுந்து போனார். அவர் அவளைச் சமாதானப்படுத்துவதாகத்தான் நினைத்தார்.

அன்றைக்கு டொரண்டோ அக்காவிடமிருந்து ஒரு மெயில் வந்திருந்தது. 'மீனம்மா, நான் உங்களை வெறுக்கவில்லை. ஆசையில் செய்திருப்பீர்கள். தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தளத்தில் நான் பேசுகிறேன். நீங்கள் இல்லாவிட்டால் எனக்குக் கடலே இல்லை.'

அதை வாசித்துவிட்டு அவள் அழுதாள். திட்டியவர்களுக்கெல்லாம் வராத அழுகை இந்த அக்காவுக்கு வந்தது. கொடுத்த கெடுவில் இன்னும் ஒரு மத்தியானம்தான் பாக்கி. பக்கம் போய்விட்டால் அப்புறம் வரும் மத்தியானங்களில் என்ன செய்வாள்? அவளும் மாமியார் பக்கத்தில் பாயை விரித்துப் படுக்க வேண்டியதுதான். மறுநாள் உட்கார்ந்து தட்டினாள்.

'அந்தப் படம் என்னுடையது இல்லை. ஒரு தீப்பெட்டியைப் பார்த்து வரைந்தேன். என்னுடையது என்று சொன்னது தப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள்.'

இத்தனை மாதத்தில் அவள் ஒரு பிழைகூட இல்லாமல் தட்டியது இந்த நாலு வரியைத்தான். 'எல்லாம் என் கையால் வரைந்தவை' என்ற வரியையும் அழித்தாள்.

மன்னித்துவிட்டார்கள். சிட்னிக்காரரே முதல் ஆளாக வந்து, ஒத்துக்கொள்ள ஒரு மனசு வேண்டும் என்று எழுதினார். பக்கம் பிழைத்தது. பழையபடி ஆட்கள் வந்தார்கள், மீனைப் பற்றியும் நிலாவைப் பற்றியும் கேட்டார்கள். படத்தை மட்டும் யாரும் கேட்கவில்லை. அந்தப் பேச்சை எடுத்தால் அவள் மனசு நோகுமென்று நாகரிகமாக ஒதுங்கிப் போனார்கள். அந்த நாகரிகம் அவளைத் திட்டியதைவிட அதிகமாகக் குத்தியது.

ஒரு மாதம் கழித்துக் கல்யாணசுந்தரி அக்காதான் ஆரம்பித்தார். 'மீனம்மா, உங்கள் கையால் ஒன்று வரையுங்களேன். எப்படி வந்தாலும் பரவாயில்லை. நாங்கள் பார்க்கிறோம்.'

அவள் ஒரு சொறி மீனை வரைந்தாள். குடை விரித்த மாதிரி உடம்பு, அதற்குக் கீழே நூல் நூலாகத் தொங்கும் கால்கள், சுற்றிலும் நட்சத்திரம். கை தன்பாட்டுக்குப் போய் அழகாக வரைந்துவிட்டது. ஸ்கேனரில் வைக்கப் போனவள் நின்றாள். இதைப் போட்டால் எந்தப் பெட்டி என்றுதானே கேட்பார்கள்? படத்தை மேஜை மேலேயே வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். சாயங்காலம் வந்து பார்த்தால் படத்தைக் காணோம். சண்முகராஜ் அதைப் புது மார்க்காக அச்சடிக்கச் சிவகாசிக்குக் கொடுத்துவிட்டிருந்தார்.

மறுநாள் இன்னொரு சொறி மீனை வரைந்தாள். குடையை ஒரு பக்கம் சப்பையாக்கினாள். கால்களைக் குட்டையும் நெட்டையுமாகத் தொங்கவிட்டாள். ஈரம் காயுமுன்னே நீலத்தின் மேல் சிவப்பை வைத்துக் கலங்க விட்டாள். அசிங்கமாக வரைவது அவளுக்குச் சுலபமாக இல்லை. கை திரும்பத் திரும்பத் திருத்தப் பார்த்தது. அதைப் பிடித்து நிறுத்தி ஒருவழியாக முடித்து, பக்கத்தில் ஏற்றினாள்.

பாராட்டு குவிந்துவிட்டது. 'முயற்சிதான் முக்கியம்' என்றார் சிட்னிக்காரர். அக்கா நீளமாக எழுதியிருந்தார். 'மீனம்மா, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோணல்மாணலாக இருந்தால் என்ன, இதில் பொய் இல்லை. இதுதான் உங்கள் கை.'

காளீஸ்வரி அதை இரண்டு தரம் வாசித்தாள். உள்ளே மாமியார் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. 'நன்றி அக்கா. இனிமேல் இப்படியே வரைகிறேன்' என்று பதில் போட்டாள்.