என் சகலன் வென்ற மஞ்சள் பேசின்

எங்கள் குசினியில் ஒரு மஞ்சள் பிளாஸ்ரிக் பேசின் இருக்கிறது. உங்கள் அம்மா அதில்தான் அரிசி களைவார், மீன் அலசுவார். பிள்ளைகளே, நீங்கள் இருவரும் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பொலிஸ் விளையாடியிருக்கிறீர்கள். நான் மட்டும் அதைத் தொடுவதில்லை. கை கழுவுவதென்றாலும் கிணற்றடிக்குப் போய்விடுவேன். ஏனென்று மூத்தவள் ஒருநாள் கேட்டாள். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

மூத்தவள் முன்பள்ளியில் இருந்த வருடம் அங்கே விளையாட்டுப் போட்டி நடந்தது. கடைசியில் அப்பாமாருக்கும் ஓர் ஓட்டம் வைத்தார்கள். எனக்கு வேலை. அப்பா வராவிட்டால் சித்தப்பா ஓடலாம் என்று ஆசிரியை சொல்லிவிட்டார். சித்தப்பா ஓடினான், வென்றான். பரிசாகக் கொடுத்த இந்தப் பேசினை ஒரு கையில் உயர்த்திப் பிடித்து, மூத்தவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, ஓலைத்தொடுவாய் வீதியால் நடந்தே வந்தானாம். கோயிலடியில் நின்றவர்கள் எல்லாம் கை தட்டினார்களாம். எல்லாம் நான் கேட்ட கதைதான். நான் அப்போது ஐஸ் இழுத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் சித்தப்பா என் சகலன், அம்மாவின் தங்கையைக் கட்டியவன். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே வளவு, ஒரே கிணறு. அவன் வீட்டில் என்ன பொரிகிறது என்று எனக்கு மணக்கும். நான் எத்தனை மணிக்குக் கொட்டாவி விடுகிறேன் என்று அவனுக்குக் கேட்கும்.

நான் எங்கள் தீவின் ஐஸ் கொம்பனியில் ஒப்பந்தத்தில் வேலை செய்கிறேன். தகரப் பெட்டிகளில் உறைந்த கட்டிகளை இழுத்தெடுத்து, அரைத்து, படகுக்காரருக்கு ஏற்றிக் கொடுப்பது என் வேலை. வருடத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். புதுப்பிக்கும் மாதத்தில் நான் தும்மக்கூடப் பயப்படுவேன். சகலனுக்கு ஒப்பந்தம் என்று ஒன்றுமில்லை. போனில் பார்சல் விழும். விருப்பமென்றால் எடுத்து மோட்டார்சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பான். விருப்பமில்லையென்றால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுப்பான்.

காலையில் நான் சப்பாத்து மாட்டும்போது அவன் சாரத்தோடு நின்று பல் தீட்டுவான். எனக்கு வயிறு எரியும்.

"அண்ணை, இண்டைக்கு மழைக்குணமாக் கிடக்கு. நான் போகேல்லை."

"போகாட்டி?"

"போகாட்டிக் காசில்லை. அவ்வளவுதான். ஏச்சும் இல்லை."

மத்தியானம் அவன் வீட்டுக்கு வந்து சுடச்சுடச் சோறு தின்பான். நான் காலையில் கட்டிக்கொண்டு போன சோறு ஐஸ் அறைக்குப் பக்கத்தில் இருந்து விறைத்துப் போயிருக்கும். பின்னேரம் அவன் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் நீங்கள் கேற்றுக்கு ஓடுவீர்கள். நான் சைக்கிளில் வருகிறவன். சைக்கிளுக்கு ஏது சத்தம்?

அவனுக்கும் என்மேல் எரிச்சல் இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். போன வருடம் எனக்குக் காய்ச்சல் வந்து படுத்தபோது கொம்பனியில் சம்பளம் பிடிக்கவில்லை. மேற்பார்வையாளர் ஒரு பை தோடம்பழத்தோடு வீட்டுக்கே வந்தார். சகலன் வேலியோரம் நின்று அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அந்தக் கிழமைதான் வெள்ளாங்குளம் வரைக்கும் ஒரு பார்சலைக் கொண்டுபோய், வாங்க வேண்டிய பெண் "நான் கேட்ட கலர் இது இல்லை" என்று திருப்பி அனுப்ப, வெறுங்கையோடு வந்திருந்தான். பெற்றோலும் அவனுடையது, வெயிலும் அவனுடையது.

"உங்களுக்கென்ன அண்ணை, படுத்தாலும் சம்பளம். சப்பாத்தும் குடுத்திருக்கிறாங்கள்."

"அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஒருநாள் ஐஸ் இழுத்துப் பார்."

"கழட்டித் தாங்கோ, இப்பவே போறன். நீங்கள் என்ரை பைக்கைக் கொண்டு வெள்ளாங்குளம் போட்டு வாங்கோ."

பகிடிக்குத்தான் சொன்னான். ஆனால் அன்றிரவு நான் அதை யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

இந்த வருடம் கச்சான் காற்று மூர்க்கமாக அடித்தது. வீதியில் மணல் ஏறிக் கிடந்தது. அதில் மோட்டார்சைக்கிள் சறுக்கி, சகலனுக்குக் கால் உடைந்தது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். முதலில் போனில் பார்சல்கள் விழுந்துகொண்டிருந்தன. அவன் எடுக்காமல் விட விட, போன் பேசாமல் போய்விட்டது.

"கால் உடைஞ்சு போச்செண்டு சொல்ல இதுக்குள்ளை ஒரு இடமும் இல்லை அண்ணை" என்று போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினான்.

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அது பின்னேரம் வரைக்கும்தான். வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், நீங்கள் இருவரும் நிறப் பென்சிலோடு அவன் காலடியில் இருக்கிறீர்கள். மாவுக்கட்டு முழுக்க மீனும் பூவும் மோட்டார்சைக்கிளும். அம்மா இருக்கிறார், சின்னம்மா இருக்கிறார், பக்கத்து வீட்டு நாய்கூட இருக்கிறது.

"அப்பா எங்கை?" என்று சின்னவனிடம் கேட்டேன்.

குதிக்கால் பக்கம் கீறியிருந்த ஒரு பெட்டியைக் காட்டினான். "இதுதான் ஐஸ் கொம்பனி. அப்பா உள்ளுக்கை நிக்கிறார்."

உடைந்த காலைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் இந்தத் தீவில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் சின்னவனின் முன்பள்ளியில் விளையாட்டுப் போட்டி வந்தது. சகலனால் ஓட முடியாது. இந்த முறை நான் ஓடுவதென்று முடிவெடுத்தேன். ஆனால் அது ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதம். மேற்பார்வையாளருக்கு முன்னால் போய் நின்று, ஓட வேண்டும் என்று லீவு கேட்டேன்.

"என்ன காணும், ஓடுறதுக்கு லீவோ? ஆரைப் பிடிக்க ஓடுறீர்?"

"சின்னவன்ரை முன்பள்ளியிலை அப்பாமாருக்குப் போட்டி சேர். போன முறை வேறை ஆள் ஓடினது."

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "பின்னேரம் படகுக்கு ஐஸ் ஏத்த முதல் வந்திடும். தோத்துப்போட்டு வந்து நிண்டீரெண்டால் கையெழுத்து வைக்கமாட்டன்" என்று சிரித்தார். பகிடியா நிசமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

போய்ப் பார்த்தால், இந்த முறை ஓட்டம் இல்லை. வாளியில் இருக்கும் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளிக்கொண்டு ஓடி, அந்தப் பக்கத்தில் வைத்த போத்தலை நிரப்ப வேண்டும். என் கைகளோ ஐஸ் பிடித்துப் பிடித்து விரல்கள் சேராமல் வெடித்துப்போன கைகள். அள்ளுகிற தண்ணீர் வழியிலேயே ஒழுகியது. நிழலில் கதிரை போட்டு, காலை இன்னொரு கதிரையில் நீட்டியிருந்த சகலனின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

"அண்ணை, தண்ணியெண்டு நினையாதேங்கோ! ஐஸெண்டு நினைச்சு இறுக்கிப் பிடியுங்கோ!"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குப் பின்னால் ஒரே ஒருவர்தான் வந்தார். அவரும் இடையில் போன் கதைக்க நின்றவர். கலந்துகொண்ட எல்லா அப்பாமாருக்கும் ஒவ்வொரு பச்சைப் பிளாஸ்ரிக் கோப்பை கொடுத்தார்கள். நான் அதைச் சின்னவனிடம் நீட்டினேன்.

"சித்தப்பா எண்டால் வெண்டிருப்பார்" என்றான் அவன்.

சகலன் மறுத்து ஒரு வார்த்தை சொல்வான் என்று பார்த்தேன். "ஓம், வெண்டிருப்பன்" என்றான்.

நனைந்த சேட்டோடு சைக்கிளை எடுத்தேன். அவன் என் சப்பாத்தைப் பார்த்தான். "கொம்பனிக்கே? போங்கோ அண்ணை, தேடுவாங்கள்." பிறகு மடியில் கிடந்த போனைப் பார்த்துக்கொண்டு, "என்னை ஒருத்தரும் தேடேல்லை" என்றான். நான் பெடலை மிதித்தேன்.

பின்னேரம் வந்தபோது அவன் என் பச்சைக் கோப்பையில் பால் விடாத பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தான்.

"அது என்ரை கோப்பை."

"கோப்பைதானே அண்ணை!"

"உன்ரை பேசினிலை ஊத்திக் குடி."

அம்மாவும் சின்னம்மாவும் சிரித்த சிரிப்பு உங்களுக்கு நினைவிருக்கும். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

இப்போது அவன் கால் ஆறிவிட்டது. போனும் திரும்பவும் பேசத் தொடங்கிவிட்டது. தோற்றுப்போய் வந்த எனக்கும் மேற்பார்வையாளர் கையெழுத்து வைத்துத் தந்தார். காலையில் நான் சப்பாத்து மாட்டுகிறேன், அவன் சாரத்தோடு பல் தீட்டுகிறான். எது நல்ல வேலை என்று நீங்கள் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மற்றவனுடைய வேலைதான் எப்போதும் நன்றாகத் தெரிகிறது.

சின்னவன் இன்னும் ஒரு வருடம் முன்பள்ளியில்தான் இருப்பான். அடுத்த வருடப் போட்டிக்கு இப்போதே லீவு கேட்டு வைத்துவிட்டேன். படுக்கப் போகமுன் கைக்குத் தேங்காயெண்ணெய் பூசுகிறேன். விடிய எழும்பிக் கிணற்றடியில் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளிக்கொண்டு முருங்கை மரம் வரைக்கும் போய் வருகிறேன். அப்பா ஏன் இவ்வளவு நேரம் முகம் கழுவுகிறார் என்று இனிமேல் கேட்காதீர்கள். சித்தப்பாவிடமும் சொல்லிவிடாதீர்கள்.