தொடாமல் திரும்பிய லைன்பேக்கர்

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் சரிபார்க்கும் வேலையை விட்டுவிட்டு, வேலூரில் வீடியோ பார்க்கும் வேலையில் சேர்ந்தேன். அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களைத் துண்டு துண்டாகப் பார்த்துக் குறிக்க வேண்டும். தடுக்கும் அணியில் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவன் லைன்பேக்கர். சில சமயம் அவன் தன் இடத்தை விட்டுவிட்டு, பந்தை வீசப்போகிறவன்மேல் பாய்வான். அதற்கு பிளிட்ஸ் என்று பெயர். அப்படிப் பாய்ந்ததில் பலன் இருந்ததா என்று நாங்கள் குறிக்க வேண்டும்.

ஒரே துண்டை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்போம். எனக்கு ஜோடியாக வந்தவள் குடியாத்தத்துக்காரி. விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவள், மெதுவாகப் பேசவே வராது.

முதல் மாதமே சண்டை வந்தது. ஒரு லைன்பேக்கர் பாய்ந்து வந்தான், எட்டவில்லை. அதற்குள் பந்து வீசப்பட்டு யாருமில்லாத இடத்தில் விழுந்தது. நான் பலன் உண்டு என்று குறித்தேன். அவள் இல்லை என்றாள்.

"தொடவே இல்லியேடி! இன்னாத்துக்கு அவனுக்கு மார்க்கு?"

"அவன் வர்றதப் பாத்துதான் சீக்கிரம் வீசிட்டான்."

"நீ அவன் மனசுக்குள்ள பூந்து பாத்தியா?"

மத்தியானம் சாப்பிடக்கூடப் போகாமல், யாரும் பாயாதபோது வீசிய அதே ஆட்டக்காரன் எவ்வளவு நேரம் பந்தைக் கையில் வைத்திருக்கிறான் என்று இருவரும் பழைய துண்டுகளைப் பார்த்தோம். நிதானமாகத்தான் வீசுகிறான். அன்றைக்கு மட்டும்தான் அவசரம். அவள் தான் குறித்ததை அழித்துவிட்டு, டிபன் டப்பாவை என் பக்கம் தள்ளினாள். "தின்னு. ரொம்பப் பேசிட்டேன்."

இரண்டு வருஷம் அப்படியே போனது. பிறகு அவளுக்குக் கல்யாணமாகி, கணவனோடு அமெரிக்காவுக்கே போய்விட்டாள். இப்போதைய ஜோடி நல்ல பையன். நான் குறிப்பதையே அவனும் குறிக்கிறான். மேலாளருக்குச் சந்தோஷம். எனக்கோ சில நாள் வேண்டுமென்றே தப்பாகக் குறித்து, யாராவது கத்த மாட்டார்களா என்று இருக்கும்.

போன திங்கட்கிழமை காலை நான் ஆம்பூரில் பஸ் ஏறியதும் அவள் வீடியோவில் அழைத்தாள். அங்கே ஞாயிறு ராத்திரி. பின்னால் ஒரே கூச்சல்.

"மேட்சுக்கு வந்துக்கிறேன்டி! நேர்ல!"

போனை மைதானத்தின் பக்கம் திருப்பினாள். எறும்பு மாதிரி ஆட்கள்.

"யார் பாய்றான், யார் நிக்கிறான்னே தெரியல. திருப்பிப் போட்டுப் பாக்கவும் முடியல. பேஜாரா இருக்கு" என்று சிரித்தாள். முகம் கொஞ்சம் இளைத்திருந்தது.

"எப்ப வர்ற?"

"இந்த வருஷம் முடியாதுடி. அடுத்த வருஷமும் சந்தேகம்தான்."

"நீ இல்லாம எனக்கு ஒண்ணுமே புடிக்கல" என்றேன். இதுவரை அவளிடம் சொன்னதில்லை.

"இன்னா? கேக்கல!"

"நீ இல்லாம புடிக்கலடி!"

பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளைச் சுற்றி எல்லோரும் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கும்தான்" என்றாள், முதல்முறையாக மெதுவான குரலில்.

பள்ளிகொண்டா வருவதற்குள் லைன் கட்டானது. திரும்பக் கூப்பிட்டேன், கிடைக்கவில்லை. வேலூர் வரும்வரை போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.