முதலாளி எங்களுக்குப் பேசுவார்

மகளுக்கு நேற்று வந்த பார்சலில் ஒரு மஞ்சள் சட்டை. "ஒரே ஒரு பார்ட்டிக்குத்தான் அம்மா," என்றாள். நான் வழக்கம்போல அதைப் புரட்டி உட்தையலைப் பார்த்தேன். கோணல்மாணலாக ஓடியிருந்தது. தைத்தவரின் பின்னால் யாரோ நின்று விரட்டியிருக்கிறார்கள் என்று நினைத்ததும் முன்பு என்னோடு வேலை செய்த அக்காவின் ஞாபகம் வந்துவிட்டது.

லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு தையல் பட்டறையில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த மெஷின். அக்கா இலங்கையில் மன்னார் பக்கம். நீரிழிவு இருந்ததால் அடிக்கடி கழிவறைக்குப் போகவேண்டும். எழும்பினால் போதும், முதலாளி எல்லோர் முன்னாலும் ஆங்கிலத்தில் கண்டபடி கத்துவார். அதற்குப் பயந்து அக்கா தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார். ஒருநாள் மெஷின் மேலேயே மயங்கிச் சாய்ந்தார். மலிவுச் சட்டைக்கு அடித்துப் பிடிக்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரியவா போகிறது என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

எங்களிடம் சட்டை வாங்கும் கம்பெனி, பட்டறையைப் பார்வையிட ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை அனுப்பியது. மொழிபெயர்க்க ஒரு சென்னைக்காரர், தங்கமான மனிதர். இங்கே ஏதும் கஷ்டம் உண்டா என்று கேட்டார்கள். வேலை போனாலும் போகட்டும் என்று அக்கா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு சொன்னார்:

"டொய்லெட்டுக்குப் போறதெண்டா முதலாளி எங்களுக்குப் பேசுவார். எல்லாருக்கும் முன்னால நிண்டு பேசுவார்."

எங்கள் ஊர்களில் ஒருவருக்குப் பேசுவது என்றால் அவரை ஏசுவது. சாதாரணமாகப் பேசுவதைக் கதைப்பது என்போம். பாவம், சென்னைக்காரருக்கு அது எப்படித் தெரியும்? கழிவறை விஷயத்தில்கூட முதலாளி இவர்களுக்காக எல்லோர் முன்னாலும் பரிந்து பேசுகிறவர் என்று மொழிபெயர்த்தார். அந்தப் பெண் முகம் மலர்ந்து, "வெரி குட்" என்று எழுதத் தொடங்கினாள்.

அந்த வெரி குட் அக்காவுக்கு விளங்கிவிட்டது. "ஐயோ, இல்லை!" என்று எழும்பினார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் அந்தப் பட்டறையில் காதில் விழுந்ததுதான். இடுப்பில் ஒரு கை, நீட்டிய விரல், அச்சு அசலாக முதலாளி. அவர் கத்தும் அத்தனையையும், கெட்ட வார்த்தை ஒன்றுகூட விடாமல், அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே கத்திக் காட்டினார். மெஷின்கள் நின்றன. அந்தப் பெண் எழுதியதை வெட்டினாள். கதவருகே நின்ற முதலாளிக்கு முகம் வெளிறிப்போனது.

அதன்பிறகு கழிவறைக்குப் போகிறவர்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அக்காவுக்குத்தான் நிம்மதியில்லை. "அந்த வெள்ளைக்காரப் பிள்ளைக்கு முன்னால என்ரை வாயால என்னவெல்லாம் சொல்லிப்போட்டன்," என்று அழுதார். அந்த ஞாயிறே கோயிலில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார்.

அந்தச் சொற்களை அவருக்குப் பழக்கிவிட்டவர் எந்தக் கோயிலுக்கும் போனதாக நான் கேள்விப்படவில்லை.